‘இல்ல’ன்னு சொல்ற புரோட்டீன்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்தது. “உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே டிஎன்ஏ-தான் இருக்குன்னு சொன்னீங்க. அப்போ கண்ணு ஏன் கண்ணா இருக்கு, கல்லீரல் ஏன் கல்லீரலா இருக்கு?” நியாயமான கேள்வி. இன்னைக்கு முழுக்க அதைப் பத்திதான் பேசப் போறோம். ஆனா பாடப்புத்தக வரிசையில இல்ல. ஒரே ஒரு நோயை எடுத்துக்கிட்டு, அது வழியா போகலாம்னு இருக்கேன். ஏன்னா அந்த நோய்க்கு இப்போ ஒரு சிகிச்சை வந்திருக்கு. அந்த சிகிச்சை, இந்தக் கேள்விக்கான பதில்ல இருந்து நேரடியா பிறந்தது.

முதல்ல அடிப்படை. நம்ம ஊர் ஹோட்டல் ஒண்ணை நினைச்சுக்கோங்க. மெனு கார்டுல இட்லியில இருந்து நைட்டு கொத்து பரோட்டா வரைக்கும் எல்லாமே அச்சடிச்சிருக்கும். காலைல எட்டு மணிக்குப் போய் பரோட்டா கேட்டுப் பாருங்க. “சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் சார்.” மெனு மாறல. ஆனா கவுன்டர்ல அதுக்கு டோக்கன் போட மாட்டாங்க. டோக்கன் போகலன்னா கிச்சன்ல மாவு பிசைய மாட்டாங்க.

டிஎன்ஏ மெனு கார்டு. அதுல இருக்கிற ஒரு ஐட்டம், ஒரு ஜீன். டோக்கன்தான் எம்ஆர்என்ஏ. ஜீனைப் படிச்சு அந்த டோக்கனை எழுதுற வேலைக்குப் பேர் டிரான்ஸ்க்ரிப்ஷன். பன்னிரண்டாம் வகுப்பு புத்தகத்துல ‘படியெடுத்தல்’னு படிச்சிருப்பீங்க. எழுதுற இயந்திரம் ஆர்என்ஏ பாலிமரேஸ்னு ஒரு புரோட்டீன். சரி, எந்த ஐட்டத்துக்கு டோக்கன் போடணும், எதுக்கு “இல்ல”ன்னு சொல்லணும்னு யார் முடிவு பண்றாங்க? அதுவும் புரோட்டீன்கள்தான். டிரான்ஸ்க்ரிப்ஷன் ஃபேக்டர்னு சொல்வாங்க. மனுஷ உடம்புல இந்த மாதிரி சுமார் 1,600 வகை இருக்கு. அந்த 1,600-ல எது எது இப்போ ஒரு செல்லுக்குள்ள இருக்கு, எவ்வளவு இருக்கு, இதுதான் அந்த செல் கண்ணா கல்லீரலான்னு தீர்மானிக்குது.

இந்த யோசனையே முதல்ல பாக்டீரியாவுல இருந்துதான் வந்தது. பாரிஸ்ல பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ரெண்டு பேரும் 1961-ல சொன்னாங்க: ஒரு ஜீனோட வேலையே இன்னொரு ஜீனை அடக்கி வைக்கிறதா இருக்கலாம்னு. 1965-ல நோபல் கிடைச்சது. வேடிக்கை என்னன்னா, அப்போ அந்த அடக்குற பொருளை யாரும் கையில பிடிச்சதே இல்ல. 1966-ல ஹார்வர்டுல வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும்தான் அதைப் பிரிச்சு எடுத்தாங்க. அது ஒரு புரோட்டீன். ஒரு பாக்டீரியாவுக்குள்ள சுமார் பத்தே பத்து மூலக்கூறு இருக்கும். அவ்வளவு கம்மியா இருந்ததாலதான் பிடிக்கிறது அவ்வளவு கஷ்டமா இருந்தது. ‘லாக் ஓபரான்’னு மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கினோமே, அதோட கதை இதுதான். புத்தகத்துல இதை ஒரு துப்பறியும் கதையா எழுதியிருந்தா இன்னும் நாலு பேர் பயாலஜி எடுத்திருப்பாங்க, அது வேற விஷயம்.

இப்போ நம்ம நோய்க்கு வருவோம். சிக்கிள் செல் அனீமியா. தமிழ்ல அரிவாள் செல் ரத்தசோகை.

ரத்தச் சிவப்பணுவுக்குள்ள ஹீமோகுளோபின் இருக்கு. ஆக்ஸிஜனைத் தூக்கிட்டுப் போற புரோட்டீன். ஒரு சிவப்பணுவுக்குள்ள சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் இருக்கும். ஒவ்வொண்ணும் நாலு துண்டு சேர்ந்தது: ரெண்டு ஆல்ஃபா, ரெண்டு பீட்டா. பீட்டா துண்டுக்கான ஜீன் 11-வது குரோமோசோம்ல இருக்கு. அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினா போதும், ஏ இருக்க வேண்டிய இடத்துல டி. அதனால பீட்டா துண்டுல ஆறாவது இடத்துல குளுடாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின் வந்து உட்காரும். ஆக்ஸிஜனை இறக்கி வச்சதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமான கம்பியா மாறும். வட்டமா, வழவழன்னு இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு விறைச்சுடும். சின்ன ரத்தக்குழாய்ல போய் அடைச்சுக்கும்.

அந்த அடைப்பு வர்ற நாளைத்தான் ‘பெயின் கிரைசிஸ்’னு சொல்றாங்க. எலும்புக்குள்ள இருந்து வர்ற வலி. சாதாரண வலி மாத்திரைக்குக் கேட்காது, பல நேரம் மார்ஃபின் வரைக்கும் போகணும். சாதாரண சிவப்பணு 120 நாள் இருக்கும். இது 10, 20 நாள்லயே உடைஞ்சுடும், அதனால எப்பவும் ரத்தசோகை. சின்ன வயசுலயே பக்கவாதம் வரலாம், மண்ணீரல் கெட்டுப் போகும், கிருமித்தொற்று சட்டுன்னு தாக்கும். அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் மாறின ஜீன் வந்தா நோய். ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்ல, மலேரியாகிட்ட இருந்து கொஞ்சம் பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா அதிகமா இருந்த நிலங்கள்ல இந்த ஜீன் தங்கிப் போனதுக்குக் காரணம் அதுதான்: ஆப்பிரிக்கா, மத்தியத்தரைக்கடல் பகுதி, அரேபியா, இந்தியா.

நம்ம பக்கத்துல நீலகிரி. இந்தியாவுல இந்த ஜீன் இருக்குன்னு 1952-ல முதல்ல பதிவானதே நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ரெண்டு பேரும் எழுதின கட்டுரை. இருளர், பணியர், குறும்பர் மக்கள் மத்தியில இன்னைக்கும் இருக்கு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல வருஷமா இந்த நோயாளிகளைப் பார்த்துட்டு வருது. சென்னையில உட்கார்ந்து “ஆப்பிரிக்க நோய்”னு இதைப் படிச்சிட்டுப் போறவங்களுக்காக இதைச் சொல்றேன். ஊட்டிக்கு டூர் போற வழியில இருக்கிற நோய் இது.

சரி, இதுக்கும் டிரான்ஸ்க்ரிப்ஷனுக்கும் என்ன சம்பந்தம்?

1948-ல நியூயார்க் புரூக்ளின்ல ஜேனட் வாட்சன்னு ஒரு குழந்தை மருத்துவர். அவங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. நோய்க்கான ஜீனோட பிறந்த குழந்தைகள் முதல் சில மாசம் நல்லாவே இருக்காங்க. அவங்க ரத்தத்துல செல் வளையறது ரொம்பக் கம்மி. அரை வயசு தாண்டினதுக்கு அப்புறம்தான் நோய் தலைகாட்டுது. காரணம், வயித்துக்குள்ள இருக்கும்போது குழந்தை பயன்படுத்தற ஹீமோகுளோபின் வேற. அதுல பீட்டா துண்டு கிடையாது, அந்த இடத்துல காமா துண்டு இருக்கும். அம்மாவோட ரத்தத்துல இருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கணும் இல்லையா, அதுக்கு ஏத்த மாதிரி இது ஆக்ஸிஜனை இறுக்கமா பிடிக்கும். பிறந்ததும் காமா மெதுவா குறையும், பீட்டா ஏறும். ஒரு வயசுக்குள்ள காமா ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்கு வந்துடும்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. காமா ஜீன் எங்கயும் போகல. 11-வது குரோமோசோம்ல, பீட்டா ஜீனுக்குப் பக்கத்துலயே, இப்பவும் உங்க உடம்புல எழுத்துப் பிசகாம இருக்கு. அரிவாள் செல் நோயால துடிக்கிற ஒருத்தர் உடம்புலயும் நல்ல நிலையில இருக்கு. காமா துண்டு அந்தக் கம்பியில சேராது. போதுமான அளவு காமா இருந்தா செல் வளையாது. அதாவது மருந்து அவங்க டிஎன்ஏ-வுக்குள்ளயே இருக்கு. மெனுல இருக்கு. கவுன்டர்ல யாரோ “இல்ல”ன்னு சொல்லிட்டே இருக்காங்க. அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிக்க அறுபது வருஷம் ஆச்சு.

நடுவுல சில துப்பு கிடைச்சது. சில குடும்பங்கள்ல பெரியவங்க ஆன பிறகும் காமா அணையாம இருக்கும். அவங்களுக்கு அதனால ஒரு கெடுதலும் இல்ல. 1985-ல இப்படிப்பட்ட கிரேக்கக் குடும்பங்களோட டிஎன்ஏ-வைப் படிச்சாங்க. காமா ஜீன் தொடங்கற இடத்துக்கு 117 எழுத்து முன்னாடி ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. ஜீனுக்குள்ள கூட இல்ல, அதோட வாசல்ல. அந்த வாசலுக்குப் பேர் புரமோட்டர். பாலிமரேஸ் வந்து இறங்குற இடம். அங்க எழுத்து மாறினா ‘இல்ல’ன்னு சொல்ற குரல் நின்னு போகுதுன்னா, அந்த இடத்துல ஏதோ ஒரு புரோட்டீன் உட்கார்ந்துட்டு இருந்திருக்கணும். எது?

பதில் 2007, 2008-ல வேற வழியில வந்தது. ஆயிரக்கணக்கான பேரோட மரபணுவை ஒப்பிட்டு, யாருக்குக் காமா கொஞ்சம் அதிகமா இருக்குன்னு தேடினாங்க. சார்டினியா தீவுல இருக்கறவங்க உட்பட. விரல் காட்டின இடம் 11-வது குரோமோசோம்லயே இல்ல, 2-வதுல. பிசிஎல்11ஏ-ன்னு ஒரு ஜீன். பேர்லயே ‘பி செல் லிம்ஃபோமா’ இருக்கு, அதாவது ஒரு வகை ரத்தப் புற்றுநோயை ஆராயும்போது கிடைச்ச பேர். ஹீமோகுளோபினோட இதுக்கு சம்பந்தம் இருக்கும்னு யாரும் எதிர்பார்க்கல. பாஸ்டன்ல ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்துல அப்போ மாணவரா இருந்த விஜய் சங்கரன் 2008-ல காட்டினார்: மனுஷ ரத்த செல்கள்ல பிசிஎல்11ஏ-வைக் குறைச்சா காமா திரும்ப வருது. 2011-ல அரிவாள் செல் நோய் இருக்கிற எலிகள்ல அதை எடுத்துப் பார்த்தாங்க. எலிகளுக்கு நோய் சரியாச்சு.

இந்த புரோட்டீன் எப்படி ‘இல்ல’ன்னு சொல்லுது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கிட்டத்தட்ட அதுதான். டிஎன்ஏ ரெட்டை ஏணி மாதிரி முறுக்கியிருக்கும், தெரியும். அதைப் பிரிக்காமலேயே, பக்கவாட்டுல இருக்கிற பள்ளத்துக்குள்ள புரோட்டீன் தன்னோட விரல் மாதிரி ஒரு பகுதியை விட்டு எழுத்துகளோட ஓரத்தைத் தடவிப் படிக்கும். ஒரு துத்தநாக அணு அந்த விரலோட வடிவத்தைப் பிடிச்சு வச்சிருக்கறதால ‘ஜிங்க் ஃபிங்கர்’னே பேர். பிசிஎல்11ஏ-வோட விரல்கள் தேடற ஆறெழுத்து: டி-ஜி-ஏ-சி-சி-ஏ. 2018-ல ரெண்டு குழுக்கள் தனித்தனியா காட்டினாங்க. காமாவோட வாசல்ல, சுமார் 115 எழுத்து முன்னாடி, அதே ஆறெழுத்து இருக்கு. கிரேக்கக் குடும்பத்துல மாறியிருந்த எழுத்து அதே ஆறுல ஒண்ணு. 1985-ல போட்ட கேள்விக்கு 33 வருஷம் கழிச்சு பதில்.

ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு எழுத்து, ஆறு இடம். தற்செயலாவே 4,096 எழுத்துக்கு ஒரு தடவை இந்த ஆறெழுத்து வந்துடும். நம்ம டிஎன்ஏ 300 கோடி எழுத்து. ஏழு லட்சம் தடவைக்கு மேல வரும். எல்லா இடத்துலயும் போய் துண்டு போட்டா என்ன ஆகும்? அங்கதான் டிஎன்ஏ-வோட மடிப்பு வருது. ரெண்டு மீட்டர் நீள நூலைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு உட்கருவுக்குள்ள சுருட்டி வச்சிருக்கு. ஹிஸ்டோன்னு ஒரு வகை புரோட்டீன், நூல்கண்டு மாதிரி, டிஎன்ஏ அதைச் சுத்தியிருக்கும். இறுக்கமா சுத்தின இடத்துல எழுத்து இருந்தும் பிரயோஜனம் இல்ல, பெரும்பாலான புரோட்டீன்களால தொட முடியாது. சிவப்பணுவை உருவாக்கற செல்லுல ஹீமோகுளோபின் ஜீன்கள் இருக்கிற பகுதி திறந்திருக்கும். மூளை செல்லுல மூடியிருக்கும். ஒரே எழுத்து, வேற வேற செல்லுல வேற கதை. ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு பாதி பதில் இதுதான்.

அப்புறம், சீட்ல துண்டு போட்டா யாருக்கோ இடம் போகுதுன்னு அர்த்தம். யாருக்கு? என்எஃப்-ஒய்னு இன்னொரு புரோட்டீன். அது ‘போடு டோக்கன்’னு சொல்ற கட்சி. காமாவோட வாசல்ல அதுக்கான சீட்டும் அதே இடத்தை ஒட்டித்தான் இருக்கு. 2021-ல ஆர்கின் குழு இதைக் காட்டினாங்க. பிசிஎல்11ஏ உட்கார்ந்தா என்எஃப்-ஒய் நிக்க முடியாது. பிசிஎல்11ஏ எழுந்து போன கொஞ்ச நேரத்துல என்எஃப்-ஒய் வந்து உட்காருது, காமா எழுத ஆரம்பிக்குது. முழு ஒழுங்குமுறையும் ஒரு சீட்டுக்கான சண்டையா சுருங்கிடுது.

நான் ‘சொல்லுது’, ‘தேடுது’, ‘சண்டை’ன்னெல்லாம் பேசறேன், ஆனா அங்க யாரும் யோசிக்கறது இல்ல. செல்லுக்குள்ள மேனேஜர் கிடையாது. புரோட்டீன்கள் நெரிசல்ல மோதி மோதி அலையுது, ஒட்டற இடத்துல கொஞ்ச நேரம் ஒட்டும், அப்புறம் விழும். எது அதிகமா இருக்கோ, எது இறுக்கமா ஒட்டுதோ, அது ஜெயிக்கும். வெறும் எண்ணிக்கையும் ஒட்டும் சேர்ந்து ஒரு கண்ணை உருவாக்குதுங்கறது இத்தனை தடவை படிச்ச பிறகும் எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு.

இப்போ சிகிச்சை. பிசிஎல்11ஏ-தான் வில்லன்னா அந்த ஜீனையே வெட்டிடலாமே? முடியாது. ஏன்னா அது ரத்தத்துல மட்டும் வேலை பார்க்கல. நோய் எதிர்ப்புக்கான பி செல் உருவாக அது வேணும், மூளை வளர்ச்சிக்கு வேணும். பிறவியிலயே இந்த ஜீனோட ஒரு பிரதி கெட்டுப் போன குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில சிக்கல் இருக்கு. கூடவே, அவங்களுக்குக் காமா அதிகமாவும் இருக்கு! ஒரே புரோட்டீன், ஒரு இடத்துல நமக்கு எதிரி, இன்னொரு இடத்துல இல்லாம முடியாது.

வழி 2013-ல திறந்தது. பிசிஎல்11ஏ ஜீனுக்கும் டோக்கன் போட யாராவது வேணும் இல்லையா? சிவப்பணு செல்லுல அதைச் செய்யறது காட்டா1-ன்னு ஒரு புரோட்டீன். அது உட்கார்ற சீட் ஜீனோட வாசல்ல இல்ல. தொடக்கத்துல இருந்து சுமார் 58,000 எழுத்து தள்ளி, அதே ஜீனுக்குள்ள, புரோட்டீனா மாறாத ஒரு பகுதியில இருக்கு. இந்த மாதிரி தூரத்து சீட்டுக்கு என்ஹான்சர்னு பேர். டிஎன்ஏ வளைஞ்சு, தூரத்துல உட்கார்ந்திருக்கிற புரோட்டீனை வாசலுக்குப் பக்கத்துல கொண்டு வந்து சேர்க்கும். முக்கியமான விஷயம்: இந்த என்ஹான்சர் சிவப்பணு செல்லுக்கு மட்டுமானது. பாஸ்டன்ல டேனியல் பாவரும் ஆர்கினும் எலி செல்கள்ல இந்தப் பகுதியை எடுத்துப் பார்த்தாங்க. சிவப்பணு வழியில போற செல்லுல பிசிஎல்11ஏ காணாம போச்சு, பி செல் வகையில அப்படியே இருந்தது. 2015-ல கிரிஸ்பர் வச்சு அந்தப் பகுதியை எழுத்து எழுத்தா வெட்டிப் பார்த்து, எந்த இடத்துல வெட்டினா போதும்னு கண்டுபிடிச்சாங்க. காட்டா1 உட்கார்ற அந்த ஒரு சீட்.

அவ்வளவுதான். அந்த ஒரு வெட்டுதான் இன்னைக்கு ‘காஸ்ஜெவி’ங்கற பேர்ல இருக்கிற சிகிச்சை. நோயாளியோட ரத்த ஸ்டெம் செல்களை வெளிய எடுத்து, அதுல காட்டா1-ஓட சீட்டை வெட்டி, திரும்ப உள்ள விடறாங்க. சீட் இல்ல, அதனால காட்டா1 உட்கார முடியல. பிசிஎல்11ஏ-வுக்கு டோக்கன் குறையுது. காமாவோட வாசல்ல துண்டு போட ஆள் இல்ல. என்எஃப்-ஒய் உட்காருது. பிறந்த வருஷத்துல அணைஞ்ச ஜீன் முப்பது வயசுல திரும்ப எரியுது. கவனிச்சீங்களா, நோய்க்குக் காரணமான அந்த ஒரு எழுத்தை இங்க யாரும் தொடவே இல்ல. பீட்டா ஜீன் தப்போடயே இருக்கு.

மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே, 2019 ஜூலையில நாஷ்வில்ல இதை எடுத்துக்கிட்டாங்க. அமெரிக்காவுல அரிவாள் செல் நோய்க்கு கிரிஸ்பர் சிகிச்சை எடுத்துக்கிட்ட முதல் ஆள். அவங்க ரத்தத்துல கருப்பருவ ஹீமோகுளோபின் 40 சதவீதத்துக்கு மேல போச்சு. 2023 நவம்பர்ல பிரிட்டன், டிசம்பர்ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அமெரிக்க அனுமதிக்காகப் பார்த்த 31 பேர்ல 29 பேருக்குக் குறைஞ்சது 12 மாசம் தொடர்ச்சியா கடுமையான வலி நெருக்கடி வரவே இல்ல.

விலை, அமெரிக்காவுல 22 லட்சம் டாலர். நம்ம பணத்துல 18 கோடிக்கு மேல. அதுவும் மருந்துக்கு மட்டும். வெட்டின செல்லுக்கு எலும்பு மஜ்ஜையில இடம் வேணும்னு, இருக்கிற செல்களை புசல்ஃபான்னு ஒரு கீமோ மருந்து கொடுத்து அழிக்கணும். வாரக்கணக்குல ஆஸ்பத்திரியில, கிருமி அண்டாத அறையில இருக்கணும். குழந்தை பெறுற வாய்ப்பு போகலாம். கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துல நாள் கூலிக்குப் போற ஒருத்தரோட பொண்ணுக்கு இதை எப்படிக் கொண்டு போவீங்க? ‘காலப்போக்குல விலை குறையும்’னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அந்தப் பதில் போதல. விலை பாதி ஆனாலும், பத்துல ஒண்ணு ஆனாலும், ஸ்டெம் செல் மாற்று செய்யற ஆஸ்பத்திரி மலைக்கு வராது. டெல்லியில ஐ.ஜி.ஐ.பி ஆய்வகம் நம்ம நாட்டுக்குக் கட்டுப்படியாகற கிரிஸ்பர் சிகிச்சைக்காக உழைக்குது, அது வேணும், நல்லா வரணும். ஆனா அதுலயும் செல்லை எடுத்து, வெட்டி, திரும்ப விடற பாதை தேவைப்படும்.

இப்போதைக்கு மலையில இருக்கிற மருந்து ஹைட்ராக்ஸியூரியா. விலை குறைவான பழைய மாத்திரை. 1995-ல வந்த பெரிய ஆய்வுல வலி நெருக்கடிகளை 44 சதவீதம் குறைச்சது. எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, அதுவும் காமாவைக் கொஞ்சம் ஏத்தி விடுது. எல்லாருக்கும் ஒரே அளவுல ஏறாது, அதுதான் சிக்கல். நம்ம பக்கத்துக்கு இயற்கையா ஒரு சலுகையும் இருக்கு: இந்தியாவுலயும் கிழக்கு சவுதியிலயும் இருக்கிற அரிவாள் செல் மரபு வகையில கருப்பருவ ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க வகைகளை விட அதிகம். அதுக்காக இங்க நோய் லேசுன்னு நினைச்சுடக் கூடாது, கடுமையா வர்றவங்களும் நிறைய. 2023-ல மத்திய அரசு தொடங்கின அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்துல 40 வயசு வரைக்கும் இருக்கிற 7 கோடி பேரைப் பரிசோதிக்கறது இலக்கு. பரிசோதனை முடிஞ்ச கையோட மாத்திரை தொடர்ந்து கிடைக்குதா, ரத்தம் பார்த்து டோஸ் மாத்த ஆள் இருக்கா, இதை வச்சுத்தான் அந்தத் திட்டத்தை நான் அளப்பேன். கார்டு கொடுக்கறது சுலபம்.

கடைசியா, இதே அறிவுல இருந்து வர்ற இன்னொரு பாதை. எனக்கு இதுலதான் ஆசை அதிகம். ‘இல்ல’ன்னு சொல்றது ஒரு புரோட்டீன்தான்னா, ஜீனை வெட்டாம அந்தப் புரோட்டீனையே மாத்திரையால அழிக்கலாமே? ரொம்ப நாளா டிரான்ஸ்க்ரிப்ஷன் ஃபேக்டர்களுக்கு மருந்தே செய்ய முடியாதுன்னு நினைச்சாங்க. மருந்து போய் உட்காரத் தோதா அதுல குழி இல்ல. இப்போ வேற ஒரு தந்திரம் இருக்கு. செல்லுக்குள்ளயே வேண்டாத புரோட்டீனை அடையாளம் போட்டு குப்பைக்கு அனுப்பற ஏற்பாடு உண்டு. ஒரு சின்ன மூலக்கூறு, பசை மாதிரி, நாம குறி வைக்கிற புரோட்டீனை அந்த ஏற்பாட்டோட ஒட்ட வச்சா போதும். 2024-ல நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் இப்படி ஒரு மூலக்கூறை வெளியிட்டாங்க. அது குறி வைக்கிறது பிசிஎல்11ஏ-வை இல்ல, விஸ்னு காமாவை அடக்கற இன்னொரு புரோட்டீனை. அது அழிஞ்சதும் காமா ஏறுது. மனுஷ செல், எலி, குரங்கு வரைக்கும் காட்டியிருக்காங்க.

இதே தந்திரத்துக்கு ஒரு கருப்பு வரலாறும் இருக்கு. தாலிடமைடு. 1950-களோட கடைசியில கர்ப்பிணிகளோட மசக்கைக்குக் கொடுத்த மாத்திரை, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராம பிறந்தாங்க. ஏன்னு 2018-லதான் தெளிவா தெரிஞ்சது: அதுவும் இதே குப்பை ஏற்பாட்டோட ஒட்டி, சால்4-ன்னு கை கால் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு டிரான்ஸ்க்ரிப்ஷன் ஃபேக்டரை அழிச்சிருக்கு. தப்பான ஆளை வெளிய அனுப்பினா விலை அதுதான். அதனால விஸ் மாதிரி மாத்திரைகளை நிதானமா, வருஷக்கணக்குல சோதிக்கறாங்கன்னா எனக்குப் பொறுமை இருக்கு. வேறெதையெல்லாம் அது தொடுதுன்னு ஒவ்வொண்ணா பார்த்தாகணும். அரிவாள் செல் நோய் இருக்கறவங்கள்ல கர்ப்பிணிகளும் உண்டு.

ஆனா அந்த மாத்திரை வந்தா, கீமோ வேண்டாம், கிருமி அண்டாத அறை வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹைட்ராக்ஸியூரியா பக்கத்துலயே வைக்கலாம்.

அடுத்த எபிசோட்ல ஹிஸ்டோன் பத்தி விரிவா. நூல்கண்டுன்னு இன்னைக்கு ஒரு வரியில தாண்டிப் போயிட்டேன், அதுக்குள்ள பெரிய கதை இருக்கு. கேள்வி இருந்தா அனுப்புங்க.